சமனில் முடிந்த ஆட்டமும் சமாதானக் கூட்டமும்

2024 டிசம்பர் 11, புதன்கிழமை. காத்திவாக்கத்தில் எங்கள் தெருவில் நடக்கும் மாலை வகுப்பில் அன்று பாடம் நடக்கவில்லை. சிங்கப்பூரில் உலக சதுரங்க சாம்பியன் போட்டியின் 13-ஆவது ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. நம் ஊர் குகேஷுக்கும் சீனத்தின் டிங் லிரெனுக்கும் இடையே 12 ஆட்டங்கள் முடிந்து, இருவரும் ஆளுக்கு 6 புள்ளி எடுத்திருந்தார்கள். இருந்த ஒரே நல்ல செல்பேசியைத் தண்ணீர்க் குடத்தின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, பிள்ளைகள் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். குகேஷுக்கு வெள்ளைக் காய். நடுவில் ஒரு கட்டத்தில் அவர் ஜெயித்தே விடுவார் என்று வர்ணனையாளர்கள் சொன்னார்கள். பிள்ளைகள் எழுந்து நின்றுவிட்டார்கள். அப்போது 31-ஆவது நகர்த்தலில் டிங் தம் யானையை எடுத்து ஒரு கட்டத்தில் வைத்தார். அதுதான் அவரைக் காப்பாற்றிய ஒரே வழி என்று பிறகு சொன்னார்கள். 69 நகர்த்தல்கள் முடிந்தபோது ஆட்டம் டிரா. 6.5 – 6.5.

ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையன் கேட்டான்: "அண்ணா, இவ்ளோ நேரம் ஆடி யாருமே ஜெயிக்கலையா? அப்போ எதுக்குண்ணா ஆடினாங்க?"

எல்லோரும் சிரித்தோம். அன்றைக்கு அவனுக்கு ஒழுங்கான பதில் சொல்லவில்லை. மறுநாள் 14-ஆவது ஆட்டத்தில் டிங் செய்த ஒரு யானைப் பிழையால் குகேஷ் ஜெயித்து, 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். தமிழ்நாடு அரசு 5 கோடி ரூபாய் அறிவித்தது. அவர் தமிழரா தெலுங்கரா என்று சமூக ஊடகத்தில் சண்டை தொடங்கியது. அந்த இரைச்சலில் 13-ஆவது ஆட்டத்தை எல்லோரும் மறந்தார்கள். அந்தப் பையனின் கேள்வி மட்டும் எங்களோடு நின்றுவிட்டது. அதற்கான பதிலைத்தான் இங்கே எழுதுகிறோம்.

அந்தப் போட்டியின் கணக்கை முதலில் பாருங்கள். மொத்தம் 14 ஆட்டங்கள். அவற்றில் 9 டிரா. 4-ஆவது ஆட்டத்திலிருந்து 10-ஆவது ஆட்டம் வரை தொடர்ந்து ஏழும் டிரா. "சலிப்பூட்டுகிறார்கள்" என்று பலர் எழுதினார்கள். ஆனால் அந்த டிராக்கள் சும்மா வந்தவை அல்ல. கறுப்பு 40-ஆவது நகர்த்தலை முடிக்கும் வரை இருவரும் பேசி டிரா செய்துகொள்ளக் கூடாது என்று அந்தப் போட்டியில் விதி இருந்தது. 6-ஆவது ஆட்டத்தில் டிங் ஒரே நகர்த்தலைத் திரும்பத் திரும்ப ஆடி டிராவுக்கு வழி விட்டார். குகேஷின் நிலைமை கொஞ்சம் மோசமாகவே இருந்தது. ஆனாலும் அவர் அந்த டிராவை எடுத்துக்கொள்ளாமல் வேறு நகர்த்தல் ஆடினார். கடைசியில் 46 நகர்த்தல்களில் அந்த ஆட்டமும் டிராதான். எதிரே இருப்பவன் கொடுக்கும் சமனை மறுத்துவிட்டு, ஆடிப் பெற்ற சமன் அது.

எனவே முதல் பதில் இது: தம்பி, யாரும் ஜெயிக்கவில்லை என்று சொல்லாதே. யாராலும் யாரையும் தோற்கடிக்க முடியவில்லை என்று சொல். இரண்டும் ஒன்றல்ல. ஒருவன் இன்னொருவனுக்குச் சமம் என்று வெறும் வாயால் சொல்வது எளிது. மேடைக்கு மேடை சொல்கிறார்கள். ஐந்து மணி நேரம் முட்டி மோதிய பிறகு, 'உன்னை என்னால் வீழ்த்த முடியவில்லை, என்னை உன்னாலும் முடியவில்லை' என்று இருவரும் எழுந்து நின்று கை கொடுத்து, இருவரும் தாளில் கையெழுத்துப் போடுகிறார்கள் பாருங்கள், சமத்துவத்துக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் நமக்குத் தெரியாது.

ஆனால் அந்தச் சான்றிதழ் செல்லுபடியாக வேண்டுமானால் சில நிபந்தனைகள் இருக்கின்றன. இருவருக்கும் 16 காய். இருவருக்கும் ஒரே விதிப்புத்தகம். முதல் 40 நகர்த்தலுக்கு ஆளுக்கு 2 மணி நேரம், பிறகு ஆளுக்கு அரை மணி நேரம். உன் கடிகாரம் ஓடும்போது என்னுடையது நிற்கும், என்னுடையது ஓடும்போது உன்னுடையது நிற்கும். இருவருக்கும் பொதுவான நடுவர். டிரா கேட்கும் உரிமை இருவருக்கும் உண்டு, அதை மறுக்கும் உரிமையும் இருவருக்கும் உண்டு. மறுப்பதற்கு வாய் திறக்கக்கூட வேண்டாம். நகர்த்த வேண்டிய காயைத் தொட்டாலே போதும், மறுத்ததாகப் பொருள். ஏன் மறுத்தாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஊரைவிட்டுத் தள்ளி வைக்க மாட்டார்கள்.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சதுரங்கத்தில் வெள்ளைக் காய் முதலில் நகரும். அதனால் வெள்ளைக்குச் சிறிய அனுகூலம் உண்டு என்று உலகம் முழுக்க ஒப்புக்கொள்கிறார்கள். ஒரே ஒரு நகர்த்தல்தான் முந்தல். அந்த ஒரு நகர்த்தல் அநீதியைக்கூட அவர்கள் விட்டுவைப்பதில்லை. 14 ஆட்டம் என்றால் ஒருவருக்கு 7 முறை வெள்ளை, மற்றவருக்கு 7 முறை வெள்ளை. நார்வே செஸ் போட்டியில் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். ஆட்டம் டிரா ஆனால் உடனே ஒரு அதிவேக ஆட்டம் நடத்துவார்கள். அதில் வெள்ளைக்கு 10 நிமிடம், கறுப்புக்கு 7 நிமிடம். ஆனால் அது டிரா ஆனால் கறுப்பு ஜெயித்ததாகக் கணக்கு. பின்தங்கித் தொடங்குகிறவனுக்கு ஈடு செய்யாமல் விட்டால் அது போட்டியே அல்ல என்று அந்த விளையாட்டுக்குத் தெரிந்திருக்கிறது.

இதைத்தான் நாம் இனச்சுழற்சி என்கிறோம். இதைத்தான் இடஒதுக்கீடு என்கிறோம். தமிழ்நாட்டில் 69 விழுக்காடு, அதில் பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1. "தகுதி திறமை போச்சே" என்று அலறுகிறவர்கள்தாம் சதுரங்கத்தை அறிவின் உச்சம் என்று கொண்டாடுகிறவர்களும். அந்த அறிவின் உச்சத்திலேயே ஒரு நகர்த்தல் முந்தலுக்கு ஈடு உண்டு. ஆயிரம் ஆண்டு முந்தலுக்கு ஈடு கேட்டால் மட்டும் பிச்சை என்கிறார்கள்.

வெள்ளைக் காய் ஒரே ஒரு முறை நம் பக்கம் வந்தால் என்ன நடக்கும் என்பதையும் இந்த மண் பார்த்திருக்கிறது. மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி சுழற்சியில் பட்டியல் சாதிக்கு வந்தது. தேர்தலில் வென்று தலைவரான முருகேசனும் அவரோடு இருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டு காலம் ஒழுங்காகத் தேர்தல் நடத்த விடவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களும் உடனே ராஜினாமா செய்ய வைக்கப்பட்டார்கள். 2006 அக்டோபரில்தான் அங்கே தலைவர்கள் நாற்காலியில் உட்கார முடிந்தது. வெள்ளைக் காய் எப்போதும் தமக்கே என்று பழகியவர்கள், ஒரு முறை கறுப்பை எடுத்து ஆடு என்றால் பலகையையே கவிழ்க்கிறார்கள்.

இப்போது எங்கள் காத்திவாக்கத்துக்குத் திரும்புவோம். அன்று செல்பேசியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் ஒருத்தி, எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். அப்பா கன்டெய்னர் யார்டில் ஒப்பந்தத் தொழிலாளி, அம்மா வீட்டு வேலைக்குப் போகிறவர். எங்கள் வகுப்பில் இருப்பது மூன்று பிளாஸ்டிக் பலகைகள். ஒன்றில் யானை தொலைந்துபோய்ப் பாட்டில் மூடியை வைத்து ஆடுகிறோம். கடிகாரம் கிடையாது. செல்பேசிச் செயலிதான் கடிகாரம். இந்த நிலையில்தான் அவள் கற்றுக்கொண்டாள்.

நாங்கள் அவர்களுக்குச் சதுரங்கத்தோடு சேர்த்து ஒரு பழக்கத்தையும் கற்றுக்கொடுத்தோம். ஆடுவதை எழுதி வை. ஒவ்வொரு நகர்த்தலையும் எழுதி வை. இது எங்களுக்குச் சதுரங்கத்திலிருந்து வந்த பழக்கம் அல்ல. காவல் நிலையத்திலும் தாசில்தார் அலுவலகத்திலும் நாங்கள் பட்டுக் கற்ற பழக்கம். மனு கொடுத்தால் நகல் எடு. பெறுகைச் சீட்டு வாங்கு. முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தரவேண்டும் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15அ பிரிவே சொல்கிறது. கேட்டு வாங்கு. எழுத்தில் இல்லாதது எதுவும் நமக்கு நடக்கவே இல்லை என்று சொல்லிவிடுவார்கள்.

சென்ற ஆண்டு அவள் பள்ளிகளுக்கு இடையிலான ஒரு போட்டிக்குப் போனாள். ஆளுக்கு 25 நிமிடம். மூன்றாவது சுற்றில் எதிரே உட்கார்ந்தவன் தனிப் பயிற்சியாளர் வைத்துப் படித்த பையன். நல்ல பையன், நன்றாக ஆடுகிறவன். அன்றைக்கு இருவரும் சமமாகத்தான் ஆடினார்கள். கடைசியில் இருவருக்கும் ஒரு ராஜா, ஒரு யானை, சில சிப்பாய்கள். அவனுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். அவள் பக்கவாட்டிலிருந்து யானையால் செக் வைத்துக்கொண்டே இருந்தாள். அவன் ராஜா அங்கும் இங்கும் போய்ப் போய் வந்தது. ஒரே நிலை மூன்றாவது முறை வரப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

இங்கே ஒரு விதியைச் சொல்ல வேண்டும். ஒரே நிலை மூன்று முறை வந்தால் டிரா. ஆனால் அது தானாக ஆகாது. ஆட வேண்டியவர்தான் கோர வேண்டும். காயை நகர்த்துவதற்கு முன்பே, என்ன ஆடப் போகிறோம் என்று தாளில் எழுதிவிட்டு, நடுவரை அழைத்துச் சொல்ல வேண்டும். நகர்த்திவிட்ட பிறகு சொன்னால் அந்த வாய்ப்புப் போய்விட்டது. இப்படி வேக ஆட்டங்களில் நகர்த்தல்களை எழுத வேண்டிய கட்டாயமும் இல்லை. யாரும் எழுத மாட்டார்கள். எழுதாவிட்டால் நிரூபிக்க வழியும் இல்லை. அவள் எழுதியிருந்தாள். கடிகாரத்தை நிறுத்தினாள், கையை உயர்த்தினாள், நடுவரிடம் நோட்டைக் காட்டினாள். நடுவர் பலகையில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். டிரா என்றார்.

அந்தப் பையன் கை கொடுத்தான். "நல்லா ஆடின" என்றான். பிள்ளைகள் அப்படித்தான் இருக்கிறார்கள். கூட வந்திருந்த பெரியவர் ஒருவர் அவனைத் தள்ளிக் கொண்டுபோய், அவள் காதில் விழும்படியே கேட்டார்: "எண்ணூர்ல இருந்து வந்த பொண்ணுகிட்டயா டிரா பண்ண? அங்கெல்லாம்கூட செஸ் விளையாடறாங்களா?"

வீட்டுக்கு வந்தவள் எங்களிடம் கேட்டாள்: "டிராதானே அக்கா? ஏன் அவன் தோத்த மாதிரி திட்டினாங்க?"

இது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வியைவிடக் கனமான கேள்வி.

மகளே, எப்போதும் ஜெயித்தே பழகியவர்களுக்குச் சமன் என்பது தோல்வியாகத்தான் தெரியும். உன் பெயரைக் கேட்கவில்லை, உன் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, உன் இடத்தைத்தான் கேட்டார்கள். உன் இடம் கீழே என்று அவர்கள் மனத்தில் முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். நீ பக்கத்தில் வந்து நின்றால், நீ ஏறி வந்ததாக அவர்களுக்குத் தோன்றாது, தாங்கள் இறங்கிவிட்டதாகத்தான் தோன்றும்.

உத்தப்புரத்தை நினைத்துப் பாருங்கள். மதுரை மாவட்டத்தில் 1989-இல் எழுப்பிய சுவர், நம் மக்களைப் பொதுப்பாதைக்கு வரவிடாமல் தடுத்த சுவர். போராட்டத்துக்குப் பிறகு 2008 மே 6 அன்று அதன் ஒரு சிறு பகுதியை அரசு இடித்தது. முழுச் சுவர்கூட இல்லை, ஆள் நடக்க ஒரு வழி. யாருடைய நிலத்தையும் யாரும் பிடுங்கவில்லை. யாருடைய வீட்டுக்குள்ளும் யாரும் நுழையவில்லை. இரண்டு தரப்பும் ஒரே பாதையில் நடக்கலாம் என்பதுதான் நடந்தது. அதாவது டிரா. அதற்கே ஆதிக்க சாதியினர் ரேஷன் கார்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, குடும்பம் குடும்பமாக ஊரைவிட்டு வெளியேறி மலையடிவாரத்தில் போய் உட்கார்ந்தார்கள். நம் சமத்துவம் அவர்களுக்கு எப்படித் தோல்வியாகத் தெரிகிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இனி இன்னொரு பக்கத்தையும் பேச வேண்டும். 'டிரா நல்லதுதானே, அப்படியென்றால் சமாதானமாகப் போங்கள்' என்று நம்மிடம் சொல்ல ஒரு கூட்டம் எப்போதும் தயாராக இருக்கிறது.

சேரிக்குள் புகுந்து அடிப்பார்கள். மறுநாள் செய்தித்தாளில் 'இரு தரப்பினரிடையே மோதல்' என்று வரும். புகார் கொடுத்தால், அதே நாளில் நம் பிள்ளைகள் மீதும் ஓர் எதிர்வழக்கு விழும். இரண்டு பக்கமும் வழக்கு இருக்கிறது, கணக்குச் சமம் ஆயிற்று. பிறகு கோட்டாட்சியர் அலுவலகத்தில் சமாதானக் கூட்டம். மேசையின் ஒரு பக்கம் நிலமும் கடையும் வட்டிக் கடனும் கட்சிப் பதவியும் வைத்திருப்பவர்கள். மறுபக்கம் அவர்களிடமே நாளை கூலிக்குப் போக வேண்டியவர்கள். "நீங்களும் விட்டுக்கொடுங்க, அவங்களும் விட்டுக்கொடுப்பாங்க" என்பார் அதிகாரி. நாம் விட்டுக்கொடுப்பது வழக்கை. அவர்கள் எதை விட்டுக்கொடுக்கிறார்கள்? தாளில் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போடும். கை கொடுக்கச் சொல்லிப் புகைப்படமும் எடுப்பார்கள்.

பார்ப்பதற்கு இதுவும் டிரா போலவே இருக்கிறது. இரண்டு பேர், ஒரு மேசை, ஒரு தாள், இரண்டு கையெழுத்து. ஆனால் நாம் மேலே எழுதிய நிபந்தனைகளை ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். காய்கள் சமமா? இல்லை. நடுவர் பொதுவானவரா? பல நேரங்களில் இல்லை. மறுக்கும் உரிமை உண்டா? மறுத்தால் கடையில் அரிசி கிடைக்காது, டீக்கடையில் டீ கிடைக்காது, வயலில் வேலை கிடைக்காது. மறுக்க முடியாத டிராவுக்குப் பெயர் டிரா அல்ல. அது தோல்வியை ஒப்புக்கொள்ள வைப்பது.

இது நம் சொந்தக் கற்பனை அல்ல. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழான வழக்குகளை இரு தரப்பும் தாமாகப் பேசி முடித்துக்கொள்ள அந்தச் சட்டம் இடம் தரவில்லை. 2021 அக்டோபரில் ராமாவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம், சில வழக்குகளைச் சமரசத்தின் பேரில் ரத்து செய்யும் அதிகாரம் நீதிமன்றங்களுக்கு உண்டு என்று சொன்னது. அப்போதும், பாதிக்கப்பட்டவர் அச்சுறுத்தலுக்கும் நெருக்கடிக்கும் ஆளாகித்தான் சம்மதித்தாரா என்பதை மிகுந்த எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும் என்று சேர்த்தே சொன்னது. சம்மதம் என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று நீதிமன்றத்துக்கே தெரிந்திருக்கிறது. கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு மட்டும் தெரிவதில்லை.

நம் வரலாற்றின் மிகப் பெரிய 'டிரா' 1932 செப்டம்பர் 24 அன்று பூனாவில் கையெழுத்தானது. ஒடுக்கப்பட்டோருக்குத் தனித் தொகுதிகளும் இரட்டை வாக்கும் அந்த ஆகஸ்டில் கிடைத்திருந்தன. எரவாடா சிறையில் செப்டம்பர் 20 அன்று காந்தி உண்ணாவிரதம் தொடங்கினார். அந்த நொடியிலிருந்து ஓடியது ஒரே ஒரு கடிகாரம். அது அண்ணல் அம்பேத்கரின் கடிகாரம். காந்திக்கு ஏதாவது ஆகிவிட்டால் நாடு முழுக்கச் சேரிகள் என்ன ஆகும் என்ற கேள்வி அவர் தலைக்கு மேல் தொங்கியது. நான்கே நாளில் ஒப்பந்தம். தனித் தொகுதியில் 71 இடம் என்பது போய், கூட்டுத் தொகுதியில் 148 தனி இடங்கள். அதில் சென்னை மாகாணத்துக்கு 30. எண்ணிக்கையில் இரு மடங்கு. ஆனால் நம் பிரதிநிதியை நாமே தேர்ந்தெடுக்கும் உரிமை பலகையிலிருந்து எடுக்கப்பட்டது. அண்ணல் கையெழுத்துப் போட்டார். 1945-இல் எழுதிய நூலில் அந்த ஒப்பந்தம் நமக்கு என்ன செய்தது என்று கணக்கும் எழுதி வைத்தார். கையெழுத்துப் போட்டவர் அவர். அந்தக் கையெழுத்து எந்த நிலையில் போடப்பட்டது என்று எழுதி வைத்தவரும் அவரே. எழுதி வை என்று பிள்ளைகளிடம் நாம் சொல்வது அங்கிருந்துதான் வருகிறது.

கை கொடுப்பதைப் பற்றியும் ஒன்று. வட்டமேசை மாநாட்டில் அரசர் கை நீட்டியபோது தாத்தா இரட்டைமலை சீனிவாசன் கை கொடுக்கவில்லை, தம்மைத் தம் நாட்டில் தொடுவதில்லை என்று அரசருக்கே விளக்கினார் என்று நம் வீடுகளில் வழிவழியாகச் சொல்வதுண்டு. அரசரை அவமதிக்கவா அப்படிச் செய்தார்? கை கொடுத்தால் எல்லாம் சரியாக இருப்பதாக ஆகிவிடும் என்பதால் செய்தார். சமமாக ஆடி முடித்தவர்களின் கைகுலுக்கல் வேறு, புகைப்படத்துக்கான கைகுலுக்கல் வேறு. எதற்குக் கை நீட்ட வேண்டும், எதற்கு நீட்டக் கூடாது என்று தாத்தா காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

ஒரு பக்கக் கடிகாரம் மட்டும் ஓடும் மேசை கிராமத்தில் மட்டும் இல்லை. எங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் கழிமுகத்துக்குள் வந்தது. வலையும் படகும் கறுத்தன. அந்த மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பத்திலும் சுற்றியுள்ள இடங்களிலும் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். எண்ணெய்க்கு நிவாரணம் என்று பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய் அறிவித்தார்கள். பிறகு பேச்சுவார்த்தை. ஒரு பக்கம் வழக்கறிஞர்களும் வல்லுநர்களும் வைத்திருக்கும் தொழிற்சாலைகள். அவர்களுக்கு ஆறு மாதம் ஆனாலும் ஒன்றுமில்லை. மறுபக்கம் கடலுக்குப் போகாவிட்டால், ஷிப்ட்டுக்குப் போகாவிட்டால் அன்றைக்கு உலை வைக்க முடியாத மக்கள். இந்த மேசையில் எந்தப் பக்கக் கடிகாரம் ஓடுகிறது என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இங்கே கிடைப்பதையும் 'சுமுகத் தீர்வு' என்றே எழுதுவார்கள்.

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் எச்சரித்தது இதைத்தான். அரசியலில் ஒருவருக்கு ஒரு வாக்கு, ஒரே மதிப்பு என்று சமமாகிவிடுவோம், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் சமமின்மை அப்படியே இருக்கும், இந்த முரண்பாட்டோடு எவ்வளவு நாள் வாழப் போகிறோம் என்று கேட்டார். விதிப்புத்தகம் இருவருக்கும் ஒன்று, காய்கள் மட்டும் ஒன்றல்ல என்பதுதான் அதன் பொருள்.

காய்கள் என்றதும் பணத்தையும் சொல்லத்தான் வேண்டும். இந்தியக் கிராண்ட்மாஸ்டர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தமிழ்நாட்டுக்காரர். 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தார்கள். எங்களுக்கும் பெருமைதான். ஆனால் குகேஷின் அப்பா காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவர், மகனோடு போட்டிகளுக்குச் செல்வதற்காகத் தம் தொழிலையே விட்டவர். அம்மா நுண்ணுயிரியல் துறையில் இருப்பவர். அந்தக் குடும்பமே ஒரு கட்டத்தில் பணத்துக்குத் திண்டாடியது, பெற்றோரின் நண்பர்கள்தாம் உதவினார்கள் என்று குகேஷே சொல்லியிருக்கிறார். அவருடைய உழைப்பையும் அவர் பெற்றோரின் தியாகத்தையும் நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. மருத்துவர் வீட்டுக்கே மூச்சு முட்டும் ஏணி அது என்றால், கன்டெய்னர் யார்டு ஒப்பந்தத் தொழிலாளி வீட்டுப் பெண் அதில் எந்தப் படியில் கால் வைப்பாள்? நுழைவுக் கட்டணம், பயணச் செலவு, அம்மா வேலைக்குப் போகாத இரண்டு நாள் கூலி, இவ்வளவும் சேர்த்தால்தான் அவள் ஒரு போட்டிக்கே போக முடிகிறது. பாலத்துக்கு அடித்த வண்ணத்தில் ஒரு பங்கு, வடசென்னையின் மாநகராட்சிப் பள்ளிகளுக்குப் பலகையாகவும் கடிகாரமாகவும் பயிற்சியாளராகவும் வந்திருந்தால் என்ன?

ஆக, எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு பதில்கள்.

தம்பிக்கு: சமமானவர்கள் முழுதாக மோதி முடிக்கும் டிராவில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நாம் கேட்பதே அதுதான். யாரையும் கீழே தள்ளி ஜெயிக்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. யாரும் நம்மைக் கீழே தள்ளி ஜெயிக்கக் கூடாது என்றுதான் கேட்கிறோம்.

மகளுக்கு: நீ அன்று செய்தது சரி. அவர்கள் கொடுத்து நீ வாங்கிய டிரா அல்ல அது. விதி தெரிந்து, எழுதி வைத்து, சரியான நேரத்தில் கையை உயர்த்தி, நீ கோரிப் பெற்றது. நாளை யாராவது உன்னை ஒரு மேசைக்கு அழைத்து, 'இரண்டு பேரும் விட்டுக்கொடுத்துப் போங்க' என்றால், உட்காருவதற்கு முன் மூன்றைப் பார். இரண்டு பக்கமும் காய்கள் எத்தனை? எந்தப் பக்கத்துக் கடிகாரம் ஓடுகிறது? எனக்கு மறுக்கும் உரிமை உண்டா? மூன்றாவதற்கு விடை இல்லை என்றால், கையெழுத்துப் போடாதே. எழுந்து வந்துவிடு. நாங்கள் வாசலில் நிற்போம்.

வரும் மே விடுமுறையில் எங்கள் தெருவில் ஒரு சதுரங்கப் போட்டி வைக்கிறோம். நுழைவுக் கட்டணம் கிடையாது. குப்பத்துப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே பலகையில் உட்காருவார்கள். ஆட்டம் தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் எல்லோரும் எல்லோருக்கும் கை கொடுக்க வேண்டும் என்பது முதல் விதி. எல்லோரும் நகர்த்தல்களை எழுத வேண்டும் என்பது இரண்டாவது விதி. இரண்டு நல்ல கடிகாரமும் ஒரு கறுப்பு யானையும் இன்னும் தேவைப்படுகின்றன. கொடுக்க முடிந்த தோழர்கள் கொண்டு வாருங்கள்.

ஜெய்பீம்!